ஆளுக்கொரு பாஸ்வேர்டு

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது கூட்டமைப்பின் கணக்காளர் பேசியது)



பன்னிரண்டு வருஷமா இந்தக் கூட்டத்தில் நான் எழுந்திருப்பது வரவு செலவு வாசிக்கத்தான். இந்தத் தடவை அதை வேற தங்கச்சி வாசிச்சாச்சு. எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘கணினிப் பாதுகாப்பு’. தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் நாலு பேர் டீ குடிக்கக் கிளம்புறது இங்கிருந்து தெரியுது. கொஞ்சம் இருங்கத்தா. ஒரு குழுவுக்கு வரவேண்டிய கடன் நின்னுபோன கதையும், என் பேரு நாலு நாள் சந்தியில் நின்ன கதையும் இதுக்குள்ளேதான் இருக்கு.

போன வருஷம் ஆடி மாசம். என் மகளுக்குப் பிரசவம். மூணு நாள் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நாலாம் நாள் அலுவலகத்துக்கு வந்தா, அலங்காநல்லூர்ப் பக்கத்து மல்லிகைக் குழு ஊக்குநர் அக்கா வாசல்லயே நிக்கிறாங்க. கையில் ரசீது. 18,500 ரூபாய் தவணை கட்டினதுக்கு ரசீது இருக்கு. கம்ப்யூட்டரில் கட்டலைன்னு காட்டுது. நிலுவை இருக்கிறதால அந்தக் குழுவோட புதுக் கடன் விண்ணப்பத்தை நிறுத்தி வச்சிருக்காங்க. அந்தக் கடனை நம்பி ஒரு தங்கச்சி மாட்டுக்கு அச்சாரம் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கு.

தேடிப் பார்த்தா, பணம் மேலூர்ப் பக்கம் இருக்கிற இன்னொரு மல்லிகைக் குழு கணக்கில் ஏறியிருந்துச்சு. ரெண்டு ஊர்லயும் மல்லிகை. நம்ம குழுக்களுக்குப் பேர் வைக்கிறப்போ மல்லிகை, ரோஜா, தாமரையை விட்டு நாம வெளியே வர்றதே இல்ல, அது தனிக் கதை. சரி, பிழைதானே, திருத்திருவோம்னு யார் பதிஞ்சதுன்னு பார்த்தா, என் பேரு. நான் பிரசவ வார்டு வாசல்ல பிளாஸ்க்கோட நின்ன நேரத்தில், பதினொன்னேகால் மணிக்கு, நான் அலுவலகத்தில் உட்கார்ந்து பதிஞ்சிருக்கேன்.

செயற்குழு கூப்பிட்டுக் கேட்டுச்சு. கேட்டது நியாயம், அவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. “நீ பதியலைன்னா யார் பதிஞ்சது?” எனக்குப் பதில் தெரியல. ஏன்னா என் பாஸ்வேர்டு ஏழு பேருக்குத் தெரியும். நான்தான் கொடுத்தேன். லீவுன்னா வேலை நிக்கக் கூடாதுன்னு கொடுத்தேன். ஏழு பேரில் ஒருத்தர்னு சொன்னா ஏழு பேர் மேலயும் பழி. சொல்லாம இருந்தா என் மேல பழி. அந்த நாலு நாளும் என்னைப் பார்த்தா பேச்சை மாத்தினாங்க. ஒரு அக்கா, நான் மதிக்கிறவங்க, “புள்ள பிரசவத்துக்குச் செலவு நெறய இருந்திருக்கும்ல?” அப்படின்னு கேட்டாங்க. சாதாரணமாத்தான் கேட்டிருப்பாங்க. இன்னிக்கும் எனக்கு அது மறக்கல.

நாலாவது நாள் புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு ஒண்ணு தானே வந்து அழுதுச்சு. ஊர்ப் பேரைப் பார்க்காம குழுப் பேரை மட்டும் பார்த்துப் பதிஞ்சிருக்கு. அதுக்குன்னு தனியா யூசர் ஐடி யாரும் போட்டுக் கொடுக்கல. என்னோடதில் பதியச் சொல்லியிருக்காங்க. திருட்டு இல்ல, பத்துப் பைசா எங்கயும் போகல. குழுவுக்குக் கடனும் வந்துச்சு, பதினெட்டு நாள் தாமதமா. மாடு மட்டும் வேற கைக்குப் போயிருச்சு.

நம்ம ஜில்லாவில் பில்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாம, வயல் வேலைக்கு ஆள் கூட்டிப்போற தலைவியா இருந்து, களஞ்சியம் இயக்கத்துக்குத் தலைவியா வந்தவங்க. 2001இல் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தப்போ பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டுக் கும்பிட்டார். அந்தத் தலைமுறைக்கு முகம்தான் கையெழுத்து. யார் வாங்கினது, யார் கொடுத்ததுன்னு வட்டமா உட்கார்ந்த இருபது பேரும் கண்ணால பார்த்தாங்க. கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது. என் பாஸ்வேர்டை யார் அடிச்சாலும் அதுக்கு அவங்கதான் நான். குழுவோட பேங்க் கணக்கில் ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் எடுக்கலாம். ஒருத்தரே ரெண்டு கையெழுத்தையும் போட்டா நாம விடுவோமா? நான் ஏழு பேருக்குக் கொடுத்து வச்சிருந்தது என் கையெழுத்தைத்தான்.

அதுக்கப்புறம் செயற்குழு தீர்மானம் போட்டுச்சு. ஆளுக்கொரு யூசர் ஐடி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. குறைஞ்சது 12 எழுத்து. அஞ்சு தடவை தப்பா அடிச்சா அரை மணி நேரம் பூட்டிக்கணும். முப்பது நாளைக்கு ஒருதடவை மாத்தணும். கம்ப்யூட்டர் பார்க்க வர்ற தம்பி சர்வரில் உட்கார்ந்து இதையெல்லாம் போட்டுட்டுப் போனார். சர்வருன்னா தெரியாதவங்களுக்கு: தலைமை அலுவலகத்தில் ஏசி ரூமில் ஒரு பெட்டி இருக்கு. நம்ம பதினாலு கம்ப்யூட்டரும், வட்டார அலுவலகத்தில் இருக்கிறது உள்பட, யாரை உள்ளே விடலாம்னு அதைத்தான் கேட்கும். விதியை அங்கே ஒரு இடத்தில் எழுதினா எல்லா இடத்துக்கும் போய்ச் சேரணும்.

போய்ச் சேரல. ரெண்டு வாரம் கழிச்சு நம்ம காசாளர் அக்கா புதுசா ஒரு பாஸ்வேர்டு வச்சாங்க, எட்டே எழுத்து. எடுத்துக்கிச்சு. “பன்னெண்டுன்னு சொன்னீகளே, எட்டுக்கே திறந்துருச்சே” அப்படின்னு அவங்க சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

தம்பி வந்தார். முதல்ல அந்தக் கம்ப்யூட்டர் மேல சந்தேகப்பட்டார். அணைச்சுப் போட்டார், விதியை வலுக்கட்டாயமா இழுக்கிற ‘ஜிபி அப்டேட் ஃபோர்ஸ்’ உத்தரவைக் கொடுத்தார், ஒரு கம்ப்யூட்டரை அழிச்சு விண்டோஸையே புதுசா ஏத்தினார். அரை நாள் போச்சு. அதே எட்டு எழுத்தை அதுவும் எடுத்துக்கிச்சு. பிறகு கறுப்புத் திரையைத் திறந்து ‘நெட் அக்கவுண்ட்ஸ் ஸ்லாஷ் டொமைன்’ அப்படின்னு ஒரு வரி அடிச்சார். இதை முதல்லயே அடிச்சிருந்தா அந்த அரை நாள் மிச்சம். நாம என்ன விதி எழுதினோம்கிறது வேற, சர்வர் இப்போ எந்த விதியில் ஓடுதுங்கிறது வேற. அந்த வரி ரெண்டாவதைச் சொல்லும். திரையில் வந்தது: குறைஞ்ச நீளம் 7, அதிக வயசு 42 நாள். நாங்க எழுதின 12உம் இல்ல, 30உம் இல்ல. சர்வரை முதல்முதலா நிறுவும்போது அதுக்குள்ளேயே வர்ற எண்கள் அவை.

காரணத்தை உங்களுக்கு நம்ம பாஷையில் சொல்றேன். மேலூர் வட்டாரக் கூட்டத்தில் ‘இனிமே வட்டி இவ்வளவு’ன்னு ஒரு தீர்மானம் போட்டா அது கூட்டமைப்பைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. பொதுக்குழுவில் போடணும். சர்வரும் அப்படித்தான். அதில் எல்லாத்துக்கும் மேல ‘டொமைன்’ இருக்கு, அதுக்குக் கீழே துறை துறையா ஃபோல்டர் மாதிரி பிரிச்சு வச்சிருப்பாங்க. வால்பேப்பர் மாத்துறது, பென்டிரைவைத் தடுக்கிறது மாதிரி விதிகளைக் கீழே இருக்கிற ஃபோல்டரில் போட்டாலும் வேலை செய்யும். பாஸ்வேர்டு விதி மட்டும் செய்யாது. எல்லாருக்குமான பாஸ்வேர்டு விதியை டொமைனோட உச்சியில்தான் மாட்டணும். தம்பி அதை நம்ம கம்ப்யூட்டர்கள் இருக்கிற ஃபோல்டரில் மாட்டியிருந்தார். அங்கே மாட்டினா, அந்தந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியா இருக்கிற, யாரும் தொடாத யூசர் ஐடிகளைத்தான் அது கட்டுப்படுத்தும். பிழைன்னு ஒரு செய்திகூட வராது. விதி இருக்கும், பார்த்தா அழகா இருக்கும், யாரையும் தொடாது. இப்படி ஊரில் நிறையச் சட்டம் இருக்கு, விடுங்க.

உச்சிக்கு மாத்தினார். மறுபடி அந்த வரியை அடிச்சார். 12, 30. எல்லாரும் கை தட்டினோம்.

எனக்கு மட்டும் ஒண்ணு உறுத்திச்சு. கணக்குப் பார்க்கிறவ புத்தி எங்கே போகும்? “தம்பி, இத்தனை நாளும் 42 நாள்ங்கிற விதி ஓடிக்கிட்டுத்தானே இருந்திருக்கு? அப்போ என் பழைய பாஸ்வேர்டு எப்படி நாலு வருஷம் ஓடுச்சு? ஒருநாள்கூட மாத்தச் சொல்லிக் கேட்கலையே?” அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். என் யூசர் ஐடியைத் திறந்தார். அதில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருக்கு: ‘இந்தப் பாஸ்வேர்டு ஒருபோதும் காலாவதி ஆகாது’. பதினாலு பேரில் பதினோரு பேருக்கு அந்த டிக். முன்னால சர்வர் போட்டுக் கொடுத்தவர், அடிக்கடி போன் பண்ணித் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு எல்லாருக்கும் போட்டுட்டுப் போயிருக்கார். பொதுக்குழு என்ன தீர்மானம் போட்டாலும் ‘இவங்களுக்குப் பொருந்தாது’ன்னு பதினோரு விதிவிலக்கு.

டிக்கை எடுக்கிறதுக்கு முன்னால தம்பி இன்னொன்னு சொன்னார். 12 எழுத்து விதி, ஏற்கெனவே இருக்கிற பாஸ்வேர்டைத் தொடாது. அடுத்த தடவை மாத்தும்போதுதான் கேட்கும். ஏன், சர்வர் பழசை எடுத்து நீளத்தை அளந்து பார்க்கக் கூடாதா? பார்க்க முடியாது. அதுகிட்ட நம்ம பாஸ்வேர்டு இல்ல. அரைச்ச மாவுதான் இருக்கு. நாம அடிக்கிறதை அதே மாதிரி அரைச்சுப் பார்த்து, ரெண்டு மாவும் ஒண்ணா இருந்தா உள்ளே விடும். மாவைப் பார்த்து உள்ளே எத்தனை அரிசி போட்டீங்கன்னு எண்ண முடியாதுல்ல. அதனால எல்லாரையும் ஒருதடவை மாத்த வைக்கிறதுதான் வழி. ‘அடுத்த தடவை உள்ளே வரும்போது மாத்தணும்’னு ஒரு டிக் இருக்கு, முன்னால சொன்ன ‘காலாவதி ஆகாது’ டிக் இருக்கிற வரைக்கும் இது வேலை செய்யாது. முதல்ல அதை எடுத்து, பிறகு இதைப் போட்டோம்.

நாள் பார்க்காம செஞ்சது எங்க தப்பு. மாசம் அஞ்சாம் தேதி, தவணை கட்ட வாசல் வரைக்கும் வரிசை நிக்குது, எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ‘பாஸ்வேர்டை மாத்து’ன்னு நிக்குது. அன்னிக்கு வந்தவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. வெயிலில் நின்னதுக்கு இப்பவாவது மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அது வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆளில்லாத நேரத்தில் செய்யவேண்டிய வேலை.

அன்னிக்கு நடந்த கூத்தையும் சொல்லணும். ஒரு தங்கச்சி தன் பேரையே வச்சுப் பின்னால நம்பர் போட்டுச்சு, சேர்க்க மாட்டேன்னுச்சு. கடினத்தன்மை விதி போட்டிருந்தா நம்ம பேரோ யூசர் ஐடியோ உள்ளே வரக் கூடாது. இன்னொரு அக்கா காலையில் சரியா மாத்திட்டாங்க. மாத்தும்போது பக்கத்தில் இருந்தவங்க பார்த்துட்டாங்கன்னு மத்தியானம் திரும்ப மாத்தப் போனாங்க. ‘நீளம், கடினத்தன்மை, முந்தைய பாஸ்வேர்டு விதிகளுக்குப் பொருந்தவில்லை’ன்னு இங்கிலீஷில் வருது. பதினாறு எழுத்து, இருபது எழுத்துன்னு நீட்டிக்கிட்டே போறாங்க, அதே செய்தி. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவங்களுக்கு. நீளத்தில் ஒரு குறையும் இல்ல. ஒருதடவை மாத்தினா ஒருநாள் கழிச்சுத்தான் அடுத்தது மாத்தலாம்னு இன்னொரு விதி சர்வரில் பிறப்பிலேயே இருக்கு. அதை மீறினாலும் இதே செய்திதான் காட்டும். எந்த விதியில் இடிச்சோம்னு சொல்லாது. அந்த மாதிரி அவசரத்துக்கு நாமே முட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, தம்பியைக் கூப்பிட்டு மாத்திக் கொடுக்கச் சொல்லணும்.

உசிலம்பட்டி லேப்டாப்பில் மட்டும் பழைய பாஸ்வேர்டே திறந்துச்சு. அங்கே அன்னிக்கு நெட் இல்ல. சர்வரோடு பேச முடியாத லேப்டாப், கடைசியா உள்ளே வந்தப்போ எதை ஒத்துக்கிச்சோ அதையே ஞாபகம் வச்சுத் திறந்துவிடும். நெட் வந்து, சர்வரோடு இணைஞ்சு, புதுசை ஒருதடவை அடிச்ச பிறகுதான் சரியாச்சு.

இதையெல்லாம் கேட்டுட்டு, “நம்ம சின்ன ஆபிசுக்கு எதுக்கும்மா இம்புட்டுக் கெடுபிடி?” அப்படின்னு ஒரு செயற்குழு உறுப்பினர் கேட்டாங்க. ரெண்டு சேதி சொல்றேன். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்துற ஸ்விஃப்ட் முறையில், அந்த வங்கி ஊழியர்களோட உள்நுழைவு விவரங்களைத் திருடி, நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவு அனுப்பினாங்க. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போயிருச்சு. இன்னும் 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு தொண்டு நிறுவனம் பேருக்குப் போகவேண்டியது. ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லை இங்கிலீஷில் தப்பா எழுதியிருந்ததைப் பார்த்து நடுவில் இருந்த வங்கி சந்தேகப்பட்டு நிறுத்துச்சு. ஒரு எழுத்துப் பிழையில் தப்பிச்ச பணம்.

ரெண்டாவது நம்ம தமிழ்நாட்டில், 2018 பிப்ரவரியில். கும்பகோணத்தைத் தலைமையிடமாக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி, நூறு வருஷத்துக்கு மேல பழைய வங்கி. அதே ஸ்விஃப்ட் வழியா மூணு மோசடி உத்தரவு வெளியே போச்சு, துபாய்க்கு, துருக்கிக்கு, சீனாவுக்கு. எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? கணக்கை ஒத்துப் பார்க்கும்போது. நாம மாசாமாசம் பாஸ்புக்கையும் பேரேட்டையும் வச்சுப் பார்க்கிறோமே, அதே வேலை. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலரை உடனே தடுத்துட்டாங்க. வெளியாட்கள் செய்த வேலை, உள் ஊழியர் யாரும் சம்பந்தப்பட்டதற்குச் சான்று இல்லைன்னு வங்கி சொல்லிச்சு. அந்த வரியைப் படிச்சப்போ எனக்கு என் நாலு நாள்தான் ஞாபகம் வந்துச்சு. ‘எங்க ஊழியர் இல்லை’ன்னு தைரியமாச் சொல்லணும்னா, யார் எப்போ உள்ளே வந்தாங்கன்னு பதிவு சுத்தமா இருக்கணும். ஆடி மாசத்தில் நம்ம கூட்டமைப்பால என்னைப் பத்தி அப்படி ஒரு வரி சொல்ல முடியல.

இனிமேல்தான் எனக்கு வெட்கமான பகுதி. மூணாவது மாசம். காலையில் பத்து மணிக்கு என் யூசர் ஐடி பூட்டிக்குது. நான் ஒருதடவைகூடத் தப்பா அடிக்கல. அரை மணி நேரத்தில் தானே திறக்கும், பதினொன்னரைக்குத் திரும்பப் பூட்டிக்கும். யாரோ என் பேரில் நுழையப் பார்க்கிறாங்கன்னு பயந்துட்டேன். தம்பி சர்வரோட பதிவேட்டைத் திறந்தார். அதில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. யூசர் ஐடி பூட்டினா 4740. அந்த வரியில், தப்பான பாஸ்வேர்டு எந்த மெஷினில் இருந்து வந்துச்சுன்னும் எழுதியிருக்கும். அதை வச்சுக்கிட்டு ஆளைத் தேடிப் போன மாதிரி நானும் தம்பியும் அலுவலகத்தைச் சுத்தி வந்தோம்.

முதல் இடம், வவுச்சர் அடிக்கிற மூலைக் கம்ப்யூட்டர். எப்போதோ யாரோ என் பாஸ்வேர்டை அதில் ‘ஞாபகம் வைத்துக்கொள்’னு கொடுத்திருக்காங்க. அது தினம் காலையில் எழுந்ததும் என் பேரைச் சொல்லி சர்வர் கதவைத் தட்டியிருக்கு. ரெண்டாவது இடம், ஜெராக்ஸ் மெஷின். ஆமா, ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் பண்ணினா சர்வர் ஃபோல்டரில் போய் விழுற மாதிரி வச்சிருந்தாங்கல்ல, அது என் பேரில்தான் உள்ளே போய்க்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு மாசமா ஸ்கேன் ஆகலை, ஸ்கேன் ஆகலைன்னு எல்லாரும் புலம்பிக்கிட்டு இருந்தோம். ரெண்டும் ஒரே நோவுன்னு யாருக்கும் தோணல. மூணாவது, வட்டார அலுவலகத்து அலமாரியில் கிடந்த பழைய லேப்டாப்பை ஒருத்தர் வேலைக்கு எடுத்திருக்காங்க.

முதல் மாசமே ஏன் பூட்டல, மூணாவது மாசம் ஏன் பூட்டுச்சுன்னு கேட்டேன். முந்தின பாஸ்வேர்டு, அதுக்கு முந்தினது, இந்த ரெண்டில் ஒண்ணை அடிச்சா சர்வர் உள்ளே விடாது, ஆனா ‘மறதியில் அடிக்கிறாங்க’ன்னு எண்ணிக்கையில் சேர்க்காது. நான் மூணு தடவை மாத்தின பிறகு அந்தப் பழைய பாஸ்வேர்டு அதையும் தாண்டிப் பழசாயிருச்சு. அப்போதான் எண்ண ஆரம்பிச்சுது. நான் ஏழு பேருக்குத்தான் கொடுத்தேன்னு நினைச்சிருந்தேன். என் பேரு அலமாரியிலயும் ஜெராக்ஸ் மெஷினிலயும் குடியிருந்தது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஜெராக்ஸ் மெஷினுக்குன்னு இப்போ தனி யூசர் ஐடி, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் போகும், வேற எங்கயும் கால் வைக்க முடியாது.

முப்பது நாள் விதியை நாங்க எடுத்துட்டோம். அதை வேணும்னு கேட்டவ நான்தான், தப்புன்னு ஒத்துக்கிறேன். மாசாமாசம் மாத்தச் சொன்னா மனுசன் என்ன செய்வான்? கடைசி நம்பரை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கூட்டிக்கிட்டே போவான். இல்லாட்டி எழுதி வைப்பான். நம்ம அலுவலகத் தினசரி காலண்டரின் பின்அட்டையைத் திருப்பிப் பார்த்தா நாலு பேர் பாஸ்வேர்டு பேனாவில் எழுதியிருந்துச்சு, ஒண்ணு என்னோட கையெழுத்து. இதில் நாம மட்டும் இல்ல. 2003இல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனத்துக்காக, அடிக்கடி மாத்துங்க, பெரிய எழுத்து சின்ன எழுத்து குறி எல்லாம் கலந்து போடுங்கன்னு வழிகாட்டி எழுதினவர் பில் பர். 2017இல் அவரே அதுக்காக வருத்தப்பட்டார். அதே வருஷம் அந்த நிறுவனம் வழிகாட்டியை மாத்தி, காரணமில்லாமல் நாள் கணக்கு வைத்து மாத்தச் சொல்லாதீங்க, நீளமா இருக்கட்டும், வெளியே கசிந்த பாஸ்வேர்டா என்று மட்டும் பாருங்கன்னு சொல்லிருச்சு. என் பழைய பாஸ்வேர்டு என்ன தெரியுமா? இப்போ சொல்லலாம், செத்துப்போச்சு. மதுரைன்னு இங்கிலீஷில், முதல் எழுத்துப் பெரிசு, நடுவில் ‘அட்’ குறி, பின்னால ஒண்ணு ரெண்டு மூணு. கடினத்தன்மை விதி எல்லாத்திலயும் பாஸ். மதுரையில் எத்தனை அலுவலகத்தில் இதே பாஸ்வேர்டு இருக்கோ, அழகருக்கே வெளிச்சம்.

இப்போ விதி இதுதான். பதினாலு எழுத்துக்குக் குறையாம, சம்பந்தமில்லாத நாலு வார்த்தையைச் சேர்த்து, நடுவில் ஒரு எண். வெண்டைக்காய், ரயில், பாட்டி, குடை மாதிரி. இதையே வச்சுறாதீங்க. கசிஞ்சதுன்னு சந்தேகம் வந்தா அன்னிக்கே மாத்தணும். ஒருத்தர் வேலையை விட்டுப் போனா அன்னிக்குச் சாயங்காலமே அவங்க யூசர் ஐடியை நிறுத்தணும். லீவு போடுறவங்க பாஸ்வேர்டைக் கொடுத்துட்டுப் போகக் கூடாது. அந்த வேலையைச் செய்யிற அதிகாரத்தை இன்னொருத்தர் யூசர் ஐடிக்கு அந்த நாளுக்கு மட்டும் கொடுக்கணும். கடன் ஒப்புதல் கொடுக்கிற மூணு பேருக்கு மட்டும் இன்னும் நீளமான தனி விதி. டொமைனுக்கு ஒரே விதிதான்னு முன்னால சொன்னேன். குறிப்பிட்ட ஆட்களுக்கு மேல தனியா ஒண்ணு வைக்கிற வசதியும் சர்வரில் இருக்கு, அதைப் பயன்படுத்தியிருக்கோம்.

“அந்தத் தம்பிகிட்ட எல்லாச் சாவியும் இருக்கே, அவரை யார் பார்க்கிறது?” இதைக் கேட்டது திருமங்கலம் வட்டாரத்து எழுபது வயசு அக்கா ஒருத்தர். நாங்க யாரும் கேட்காத கேள்வி. தம்பியால நம்ம பாஸ்வேர்டைப் பார்க்க முடியாது, மாவுதான் இருக்குன்னு சொன்னேன்ல. ஆனா அழிச்சுட்டுப் புதுசு வைக்க முடியும். அப்படி வச்சா யார் யாருக்கு வச்சாங்கன்னு பதிவேட்டில் விழும். அந்தப் பதிவை மாசம் ஒருதடவை பொருளாளர் அக்கா அச்சடிச்சு வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுறாங்க. சர்வரோட தலைமைப் பாஸ்வேர்டை உறையில் போட்டு, மேல ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒட்டி, பீரோவில் வச்சிருக்கு. தம்பி தினப்படி வேலைக்குத் தன் சொந்தப் பேரில்தான் வர்றார்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66 சி. இன்னொருத்தர் பாஸ்வேர்டை நேர்மையில்லாமல் பயன்படுத்தினா மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்க போனில் யாராவது பேங்க் பேரைச் சொல்லி ஓடிபி கேட்டுப் பணம் போயிருச்சுன்னா, அழுதுக்கிட்டு உட்காராம உடனே 1930க்குக் கூப்பிடுங்க. சீக்கிரம் கூப்பிட்டாத்தான் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேலை. இந்த மாசத்தில் இருந்து ரசீதில் குழுப் பேருக்குப் பக்கத்தில் ஊர்ப் பேரும் வரும், கீழே பதிஞ்சவங்க பேரும் வரும். பணம் கட்டினதும் ரசீதை மடிச்சுச் சுருக்குப்பையில் போடாம, அந்த ரெண்டு பேரையும் அங்கேயே வாசிச்சுப் பாருங்க. வாசிக்கத் தெரியாதவங்க பக்கத்தில் நிக்கிறவங்களை வாசிக்கச் சொல்லுங்க. அன்னிக்கு லீவில் இருக்கிற ஆள் பேர் அதில் இருந்தா, அது என் பேரா இருந்தாலும் சரி, “அந்தப் பொம்பளை இன்னிக்கு வரலையே?” அப்படின்னு கவுண்டர்லயே கேட்டுருங்க.

ரசீதை மாத்தினதுக்கு இன்னும் ரெண்டு வட்டாரத்தில் புது பிரிண்டர் வரல. உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் அடுத்த வாரம் வருது. வர்ற வரைக்கும் அங்கே கையில் எழுதிக் கொடுப்பாங்க, பேரோட.